பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

மைசூரில் நாங்கள் கட்டப்போகும் வீட்டுக்குப் பிளான் தயாராகியிருந்த சமயம். மண்டி மொஹல்லாவில் குடியிருந்த வாடகை வீட்டில், குளிக்கப் போன என் கணவர் மயங்கிக் கதவை ஒட்டியே விழுந்துவிட்டார். தாழ்ப்பாள் போடவில்லை. ஆனாலும் உள்பக்கம் திறக்கும் கதவு என்பதால், தள்ளத் தள்ள அவர்மேல்தான் இடித்தது. என் அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு மஞ்சுநாத் ஓடிவந்தார். "தள்ளாதீங்க அக்கா, தலையில பட்டுடும்!" என்றவர், ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றி உள்ளே இறங்கி அவரை நகர்த்தினார். சர்க்கரை இறங்கியிருந்ததாம், ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார்.

வீடு திரும்பியதும் பிளானை விரித்தேன். மூன்று பாத்ரூம் கதவுகளும் உள்பக்கமே திறந்தன.

"எல்லார் வீட்டிலயும் இப்படித்தான் மேடம்" என்றார் இன்ஜினியர்.

"எங்க வீட்டுல வேண்டாம் சார்" என்றேன். மாற்றிக் கொடுத்தார்.

இப்போது யார் தங்கள் வீட்டுப் பிளானைக் காட்டினாலும், பூஜை அறையைத் தேடும் முன் அந்தக் கதவைத்தான் பார்க்கிறேன்.