உல்லாஸ்நகர்க்காரர்

மும்பை தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப் டீக்கடையில் அவர் கட்டிங் சாயை உடனே குடிக்க மாட்டார். சூடான கிளாஸை வலது கை விரல் முட்டிகளில் ஒற்றிக்கொண்டே இருப்பார். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். குத்துச்சண்டைக்காரர், எங்கள் சந்தில்தான் குடியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவியிலேயே போட்டி நடந்தது. போட்டி நடத்தும் சேட் மைக்கைப் பிடித்து, "உல்லாஸ்நகர் கா ஷேர்!" என்று கத்தினார். மேடையில் கை உயர்த்தியவர் நம்மவர். வெளியூர் சிங்கம் என்றதும் கூட்டம் ஊளையிட்டது. சந்துக்காரர்கள் நாங்கள் மட்டும் திருதிருவென்று விழித்தோம். எதிரே நின்ற தாராவிக்காரன் அவரைவிட ஒரு சுற்றுப் பெரியவன். மூன்றாம் ரவுண்டில் இவர் விழுந்தார். விசில் பறந்தது.

மறுநாள் டீக்கடையில் கேட்டேன். "என்ன அண்ணாச்சி, உங்களப் போயி உல்லாஸ்நகர்ங்காரு?"

"தோக்குறவன் வெளியூர்க்காரனா இருந்தாத்தான தம்பி சனம் சந்தோசமாப் போவும்? காட்கோபர்ல போட்டின்னா தாராவிக்காரம்பாரு."

"அப்ப இது ஏமாத்து வேலைலா?"

கிளாஸை முட்டியிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "சேட்டக் குத்தம் சொல்லாத. தோத்துப்போன்னு அவரு ஒருநாளும் சொன்னதில்ல. என்னவிடக் கனத்த ஆளாப் பாத்து நிப்பாட்டுவாரு, அவ்வளவுதான். நான் ஜெயிக்கத்தான் அடிச்சேன்."

பிறகு அவர் கேம்ப்பைக் காலி செய்துவிட்டார். எங்கே போனாரென்று யாருக்கும் தெரியவில்லை. இப்போதும் அம்பர்நாத் லோக்கல் ரயிலில், "அக்லா ஸ்டேஷன் உல்லாஸ்நகர்" என்று ஒலிபெருக்கி அடுத்த ஸ்டேஷனைச் சொன்னதும், பெட்டிக்குள் யாராவது கை உயர்த்துகிறார்களா என்று என்னையறியாமல் திரும்பிப் பார்க்கிறேன்.