கோப்பைக்குள் ஒரு ஹால் டிக்கெட்

மந்தைவெளியில் சாமியானா, நாற்காலி வாடகைக் கடை என்னுடையது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. இரண்டு மூங்கிலும் ஒரு கிழிந்த துணியும் வைத்து ஆரம்பித்தேன். இன்றைக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் நாற்காலியில்தான் உட்கார வேண்டும். மூன்று மாடி வீடு கட்டினேன். இரண்டு லாரி வாங்கினேன். அதெல்லாம் கையும் காலும் இருக்கிறவன் எவனும் செய்வான். நான் செய்ததில் பெரிசு ஒரு கால்பந்து அணி. கடற்கரை ஓரத்துக் குப்பைமேட்டை வெட்டிச் சமப்படுத்தியது என் ஆட்கள். கோல் கம்பம் சாமியானாக் குழாய். வலை, படகுக்காரர்கள் கழித்துப் போட்ட மீன் வலை. அந்த மண்ணில் ஆடிய பையன்களில் பத்தொன்பது பேரை விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்த்துவிட்டேன். சர்டிபிகேட்டுகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு முதல்வர் அறை வாசலில் நான் உட்கார்ந்திராவிட்டால் அவர்களில் ஒருவனும் அந்தக் கேட்டைத் தாண்டியிருக்க மாட்டான். இதை யார் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

போன மாதம் அந்தக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை அம்மா கடைக்கு வந்தார். விளையாட்டு மலர் போடுகிறார்களாம். அதில் ஒரு பக்கம் என் படத்தோடு என் ஞாபகங்கள், இன்னொரு பக்கம் என் பையன்களின் பட்டியல். பட்டியலுக்கு ஒரு தாள் கொண்டுவந்திருந்தார். மூன்று கட்டம் போட்டிருந்தது. பெயர், சேர்ந்த ஆண்டு, பட்டம் பெற்ற ஆண்டு.

முதல் இரண்டு கட்டத்தையும் டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டே வந்து பேனாவை நிறுத்தினார்.

"இவங்கள்ல யார் யார் டிகிரி முடிச்சாங்கய்யா?"

"நல்லா ஆடினாங்கம்மா. எல்லாருமே."

"அது தெரியும். முடிச்சாங்களா?"

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. கோப்பை எத்தனை, கோல் எத்தனை என்று கேட்பார்கள், சொல்வேன். ஆடப் போன நாளெல்லாம் வருகைப் பதிவேட்டில் வகுப்பில் இருந்ததாகவே போட்டுவிடுவார்கள். அதனால் எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் நானும் இருந்தேன். அந்த அம்மா முன்னால் விரலை மடக்கிப் பார்த்தேன். நான்குக்கு மேல் மடங்கவில்லை. அந்த நான்கு பேரும் யாரென்றால், உதவாக்கரைகள் என்று நான் வெளியே உட்கார வைத்திருந்தவர்கள். ஆட்டம் கிடைக்காததால் வகுப்புக்குப் போனவர்கள்.

"தாள் இங்கயே இருக்கட்டும்மா, விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அவர் போனதும் அலமாரியில் இருந்த பெரிய கோப்பையை இறக்கினேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு வருஷாவருஷம் அதை எடுத்து வைத்துவிட்டுத்தான் கோப்பையைத் துடைக்கிறேன், துடைத்ததும் திரும்ப உள்ளே போட்டுவிடுகிறேன். நான்காக மடித்த ஹால் டிக்கெட். மூலையில் ஒட்டிய படத்தில் என் கோல்கீப்பர், அரும்பு மீசையோடு, என்னையே பார்த்துக்கொண்டு.

சாந்தோம் பக்கத்து மாதா கோயில் குடும்பத்துப் பிள்ளை அவன். அம்மா பங்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகன் பி.ஏ. முடித்து, பி.டி. மாஸ்டர் படிப்பும் படித்து, ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் விசில் ஊத வேண்டும், அவ்வளவுதான் அந்த வீட்டின் ஆசை. மூன்று வருஷமும் ஓடி, ஆங்கிலத்தில் ஒரே ஒரு தாள் மட்டும் அரியர் நின்றது. அதை எழுதிவிட்டால் பட்டம். தேர்வு ஏப்ரலில், மதியம் இரண்டு மணிக்கு. அன்றைக்கே மூன்றரைக்கு எங்களுக்கு இறுதி ஆட்டம்.

கல்லூரி வாசலில் வேனோடு போய் நின்றேன். அவன் சட்டைப் பையில் ஹால் டிக்கெட்டோடு நின்றிருந்தான். பக்கத்தில் எங்கள் மாற்று கோல்கீப்பர், அவனும் அதே கல்லூரிதான்.

"மாமா, பரீச்ச கீது" என்றான் கோல்கீப்பர்.

"பரீச்ச அக்டோபர்ல திரும்ப வரும். பைனல் வருமா? ஏறு நைனா."

மாற்று கோல்கீப்பர் குறுக்கே வந்தான். "நான் நிக்கிறேன் மாமா. எனக்கு நேத்தே பரீச்ச எல்லாம் முட்ஞ்சிச்சு. அவன் போயி எழுதட்டும்."

"நீ நின்னா பந்துக்கே சிரிப்பு வரும்டா" என்றேன்.

வேனில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கோல்கீப்பரும் லேசாகச் சிரித்தான். ஏறிவிட்டான். உடை மாற்றும்போது, "ஜெர்சில பாக்கெட் இல்ல, வெச்சிக்கோங்க மாமா" என்று ஹால் டிக்கெட்டை என்னிடம் கொடுத்தான். கடைசி நிமிஷத்தில் ஒரு பெனால்டியை இடது பக்கம் பாய்ந்து பிடித்தான். கோப்பை வந்தது. என் கையில் இருந்ததை அதற்குள் போட்டுவிட்டுக் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

அக்டோபரில் வெளியூர்ப் போட்டிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அடுத்த ஏப்ரலில் அவனுக்கு முழங்கால் போய்விட்டது. அப்புறம் அவன் அப்பா படுத்துவிட்டார், அவன் வேலை தேடி அலைந்தான். ஒருநாள் போய் விசாரித்தபோது பாடத்திட்டம் மாறி, பழைய தாளை எழுதக் கொடுத்த காலமும் முடிந்திருந்தது.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஏப்ரல் பிறந்தால் மதியம் இரண்டு மணிக்கு எனக்கு ஒன்று நடக்கிறது. எங்கேயாவது ஒரு மண்டபத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு நிமிர்ந்தால், மூன்றாவது வரிசையில் ஒன்று மட்டும் வேறு மாதிரி தெரியும். யாரோ வந்து உட்காரக் காத்திருக்கிற மாதிரி. ஆட்களிடம் சொல்லி அதைத் தூக்கச் சொல்லியிருக்கிறேன். தூக்கினால் பக்கத்து நாற்காலி அப்படி ஆகிவிடும். ஒரு வருஷம் திருவான்மியூர் கல்யாணத்தில் நானே போய் அதில் உட்கார்ந்தேன். வரவேற்பு முடிகிறவரை எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு சரியில்லையா என்று பெண் வீட்டார் சோடா கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பேராசிரியை அம்மா வந்துபோன மறுநாள் காலை ஹால் டிக்கெட்டையும் பட்டியல் தாளையும் எடுத்துக்கொண்டு அடையாறில் அவன் வேலை செய்கிற பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மைதானத்தில் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அதுதான் அவன் வேலை, கிரவுண்ட்ஸ்மேன். ஒப்பந்தக் கூலி. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்ற பி.டி. மாஸ்டர் யாரென்றால், அன்றைக்கு நான் கேலி செய்த மாற்று கோல்கீப்பர். பட்டம் முடித்த நான்கு பேரில் ஒருவன். இவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

"வாங்க மாமா" என்றான் மாஸ்டர். "பந்து இன்னும் சிரிச்சிக்கினுதான் கீது."

கோல்கீப்பர் சுண்ணாம்புக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு வந்தான். ஹால் டிக்கெட்டை நீட்டினேன். பிரித்து வெகுநேரம் பார்த்தான்.

"இன்னா மாமா, பரீச்சைக்குப் போவச் சொல்றீங்களா இப்போ?" என்று சிரித்தான். "போட்டோல நல்லாத்தான் கீறேன்."

தாளைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். மூன்றாவது கட்டத்தில் அவன் விரல் நின்றது. வெள்ளையாக ஒரு தடம் விழுந்தது.

"இந்த புக்கு காலேஜ்ல எல்லாருக்கும் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"என் பொண்ணு அங்கதான் மாமா சேந்துகீது. இந்த வருசம்தான். அப்பா டிகிரி ஹோல்டர்னு நெனச்சிக்கினு கீது. எங்கம்மா சொல்லி வெச்சது." ஹால் டிக்கெட்டை மடித்து என் சட்டைப் பையிலேயே போட்டான். "முடிக்கலன்னு போட்டுடாதீங்க. பெனால்டி புடிச்சத வேணா போடுங்க."

மாஸ்டர் விசில் ஊதினான். கோல்கீப்பர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். விட்ட இடத்தில் ஆரம்பித்தான், கோடு ஒரு இம்மி விலகவில்லை.

பேராசிரியை அம்மா, தாளை இதோடு திருப்பித் தந்திருக்கிறேன். நீங்கள் கேட்ட ஞாபகங்களும் இதுதான். முடித்ததாகப் பொய் எழுதச் சொல்லமாட்டேன். அவன் மகள் ஒருநாள் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும். ஆனால் கோல்கீப்பர் பெயருக்கு எதிரே மூன்றாவது கட்டத்தில் 'முடிக்கவில்லை' என்று போட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவன் முடிக்காமல் விடவில்லை. ஹால் டிக்கெட்டோடு வாசலில் நின்றவனை வேனில் ஏற்றியது நான். போய் எழுதட்டும் என்று சொல்ல ஒருவன் இருந்தான், அவனை வாயை மூட வைத்ததும் நான். பத்தொன்பது பேரைச் சேர்த்துவிட்டவன் என்று என் பெயரை எப்படியும் போடப் போகிறீர்கள். அந்தக் கட்டத்திலும் என் பெயரையே போடுங்கள். இனிஷியலோடு, முழுசாக, அந்தப் பெண் கண்ணில் படுகிற அளவு எழுத்தில். இடம் போதாது என்றால் என் படத்தை எடுத்துவிடுங்கள்.