வரப்பில் நட்ட விளக்குக் கம்பம்

செவ்வந்திக்கு இருட்டு வேண்டும். இதை எங்கள் ஊரில் சொன்னால் தலையாட்டுவார்கள்; திண்டுக்கல் டவுனில் சொன்னால் சிரிப்பார்கள். ராத்திரி நன்றாக இருட்டில் கிடந்தால்தான் அந்தச் செடி மொட்டு வைக்கும். வெளிச்சம் பட்டால் இன்னும் பகல்தான் என்று நினைத்துக்கொண்டு இலையாக விட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் தோட்டத்து மூலையில் ஒரு தெருவிளக்கு உண்டு. அதன் அடியில் நிற்கும் செடிகள், ஊரெல்லாம் ஆயுத பூஜை முடிந்து மாலையைக் கழற்றிப் போட்ட பிறகுதான் சாவகாசமாகப் பூக்கும். அந்தப் பூவை மார்க்கெட்டில் ஏறெடுத்துப் பார்க்க ஆள் கிடையாது.

அதனால் எங்கள் தோட்டத்தை ஒட்டியிருக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் பெரிய விளக்குகள் வரப்போகின்றன என்று கேட்டதும் எனக்குப் பயம் வந்தது. அடுத்த நிமிடமே சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குக் கோபம்தான் மிஞ்சும். அன்று முழுக்க ஆட்டுக்குட்டியைக்கூடத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சந்தோஷத்துக்குக் காரணம் என் மகள். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பெண்கள் கபடி அணியில் பாடிப் போகிறவள் அவள்தான். எதிரணிக் கட்டத்துக்குள் ஒரே மூச்சில் ‘கபடி, கபடி’ என்று சொல்லிக்கொண்டே போய்விட்டுத் திரும்புவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பள்ளி விட்டதும் சிறப்பு வகுப்பு. அதற்குள் மைதானத்தைப் பையன்கள் பிடித்துவிடுவார்கள். அவர்கள் ஆடி முடித்து, சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது பொழுது சாய்ந்திருக்கும். மிச்சமிருக்கும் மசங்கலில்தான் இவர்களுக்குப் பயிற்சி. போன வருடம் அந்த மசங்கலில் ஒரு பிள்ளை கல்லில் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டது. விளையாட்டு டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார்.

“அக்கா, இனிமே இருட்டுல நான் இறக்க மாட்டேன். லைட்டு வந்தாத்தான் டீமு. இல்லேன்னா இந்த வருசத்தோட கலைச்சுருவேன்.”

அன்று ராத்திரி என் மகள் சோற்றைத் தொடவில்லை. கபடியை வைத்துக் கல்லூரியில் இடம் வாங்கலாம் என்பது அவள் கணக்கு. மார்க்கை வைத்து வாங்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பழைய மாணவர்கள் கொடுத்த நன்கொடையில் நான்கு கம்பங்கள். பள்ளிக் கட்டடத்தை ஒட்டி நட்டு, கிழக்கே பார்த்து விளக்கு. கிழக்கே என்றால் நேராக எங்கள் தோட்டம். அதற்குப் பின்னால் என் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணனுடைய தோட்டம். அதற்கும் பின்னால் இன்னும் இரண்டு குடும்பத்தின் தோட்டங்கள். எல்லாமே செவ்வந்தி.

மூத்தார் எழுந்தார். அவர் எழுந்தாலே கூட்டம் அடங்கும். “எங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டு ஆடணுமாக்கும். ஆயுத பூசைக்குப் பூ வரலேன்னா இந்த வருசமே போச்சு” என்றார்.

கடைத்தெருக்காரர் ஒருவர், “பூவுக்கு என்னண்ணே, ராத்திரி தூங்கலேன்னா தலையா வலிக்கும்?” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். விளக்கைக் குனிய வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். அப்படிச் செய்தால் பாதி மைதானம் இருட்டாகிவிடும் என்றார் காண்டிராக்டர். பிறகு ஆளுக்கு ஆள் கத்தினார்கள். கத்திவிட்டு இரண்டு பக்கமும் என்னைப் பார்த்தது. பூக்காரர்களுக்கு நான் பூக்காரி. மற்றவர்களுக்கு நான் கபடிப் பிள்ளையின் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. “செவ்வந்தி இருட்டுலதான் மொட்டு வைக்கும், அதுல சிரிக்க என்ன இருக்கு? எங்க செவ்வந்தியும் கெடக் கூடாது, எம்பிள்ளையும் இருட்டுல விழக் கூடாது. ரெண்டும் நடக்கணும். எப்புடின்னு யோசிச்சுட்டு அப்பறம் கத்துங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீராப்பாக வந்துவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்கும் தெரியாது.

என் கணவர் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். போனில் சொன்னேன். “அண்ணன் சொன்னா சொன்னதுதான். விட்டுரு” என்றார். பாலக்காட்டில் உட்கார்ந்துகொண்டு விட்டுரு என்று சொல்வது சுலபம்.

வழி தெரிந்தது மல்லிகைக் கொல்லையில். எங்களுக்குக் கொஞ்சம் மல்லிகையும் உண்டு. மொட்டாகவே மார்க்கெட்டுக்குப் போக வேண்டும் என்பதால், விடியுமுன் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு பறிப்போம். அப்படிப் பறிக்கும்போது ஒரு பழக்கம். எல்லோரும் ஒரே திசையைப் பார்த்துத்தான் நகர வேண்டும். ஒருத்தி திரும்பினால் அடுத்தவள் கண் அவிந்துவிடும். கூட்டம் நடந்ததற்கு மறுநாள், கடைத்தெருக்காரரைத் திட்டும் வேகத்தில் நான் பின்னால் வந்தவளிடம் திரும்பிவிட்டேன். அவள் கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அக்கா, எம்புட்டு வேணும்னாலும் திட்டு. அங்கிட்டுப் பாத்துத் திட்டு. கண்ணு கூசுது.”

நான் திரும்பினேன். என் முன்னால் இருந்த செடியெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. என் முதுகுக்குப் பின்னால் அவள் நின்ற இடம் கும்மிருட்டு. பூக்கூடையை அப்படியே வைத்துவிட்டுச் செத்த நேரம் நின்றேன். விளக்கு நம் பக்கம் இருந்து அந்தப் பக்கம் பார்த்தால் என்ன?

காண்டிராக்டரிடம் கேட்டேன். வெளிச்சத்துக்குப் பிரச்சினை இல்லை, இடத்துக்குத்தான் என்றார். கிழக்கு ஓரத்தில் வேலியை ஒட்டியே ஓட்டப்பந்தயக் கோடு போகிறது. அங்கே கம்பம் நட்டால் பிள்ளைகள் மோதிக்கொள்வார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் வரப்பு.

“அப்ப வரப்புல நடுங்க” என்றேன்.

“உங்க எடமாச்சேம்மா?”

“எங்க எடம்ங்கறதாலதான் சொல்றேன்.”

வாய் சொல்லிவிட்டது. ஆனால் அது என் ஒருத்தி இடம் இல்லை. கூட்டுப் பட்டா. மூத்தார் சரி என்று சொல்லாமல் ஒரு குழிகூடத் தோண்ட முடியாது. அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்குக் கம்பம் நடுவாங்க. நாளைக்கு வேலியை நகட்டுவாங்க. அதுக்கடுத்து எங்க வரப்புல நாங்க நடக்க அவங்ககிட்டக் கேக்கணும். ஒனக்கு ஒம்மக பெருசு. எனக்கு மண்ணு பெருசு, போ தாயி.”

அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினார். ஒரே கிணறு, ஒரே களம், ஒரே மோட்டார் ரூம். எதிரெதிரே வந்தாலும் பேசுவது என் மகளிடம்தான். “ஒங்காத்தாட்ட சொல்லு, நாளைக்குத் தண்ணி அவ முறைன்னு.” நான் பக்கத்திலேயே நிற்பேன். “பெரியப்பாட்ட சொல்லு, சரின்னு.” அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள்.

நான் விடுவதாக இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வேலியை நகட்டியவர்களை நாங்களும் பார்த்திருக்கிறோம். ஆனால் என் மகள் விளையாட்டுச் சட்டையைத் துவைத்து மடித்துப் பெட்டியின் அடியில் வைத்ததையும் நான் பார்த்தேன். அதைப் பார்த்தபின் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. காண்டிராக்டரையும் டீச்சரையும் நச்சரித்தேன். கடைசியில் ஆடி மாதத்து ஒரு சாயங்காலம், டிராக்டர் டிரெய்லரில் இரண்டு விளக்குகளை உயரக் கட்டி, எங்கள் வரப்பை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். விளக்கின் பின்பக்கம் தகரம் அடித்திருந்தது. பொழுது இறங்கியதும் போட்டார்கள். மைதானம் முழுக்க வெளிச்சம் கொட்டியது.

மூத்தார் வந்திருந்தார். வராமல் இருந்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பார். யாரிடமும் பேசாமல் தன் செவ்வந்திக்குள் நடுவில் போய் நின்றார். நான் மகளோடு வரப்பில் நின்று கேட்டேன்.

“மாமா, உங்க கையில இருக்க வெத்தலை தெரியுதா?”

இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. “பிள்ளே, ஒங்காத்தாட்ட சொல்லு. தெரியல.”

வெளியே வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தலைமையாசிரியரைப் பார்த்துச் சொன்னார். “கம்பம் நடுங்க. ஆனா எடம் எங்களுது. சுவிச்சு எங்க மோட்டார் ரூம்புல இருக்கணும். எட்டு மணிக்கு நான் அமத்துவேன். அதுக்கு மேல யாரு கெஞ்சுனாலும் போட மாட்டேன்.”

பள்ளிக்கூடத்து விளக்குக்குத் தோட்டத்தில் சுவிட்சா என்று தலைமையாசிரியர் தயங்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள், “சரிங்கய்யா” என்று டீச்சர் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணை எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஆவணியில் கம்பம் நட்டார்கள். என் மகள் பெட்டியின் அடியிலிருந்து சட்டையை எடுத்தாள். மூத்தார் ஒரு நாள்கூட எட்டைத் தாண்ட விடவில்லை. போன் அலாரம் அடித்ததும் பட்டென்று அமத்திவிடுவார். பாதி ஆட்டத்தில் பிள்ளைகள் இருட்டில் நின்று முணுமுணுப்பது வரப்பு வரைக்கும் கேட்கும். செடி மொட்டு வைத்தது, எல்லோர் தோட்டத்திலும். வேலியை ஒட்டிய எங்கள் ஒரு வரிசை மட்டும் கொஞ்சம் பிந்தியது. “ஒங்காத்தாட்ட சொல்லு, அந்த வரிசையைப் பாக்கச் சொல்லு” என்று அதை அவர் தினமும் சொல்லிக் காட்டினார். நானும் தினமும் கேட்டுக்கொண்டேன். ஒரு வரிசைதானே, போகட்டும்.

ஆயுத பூஜைக்குப் பூப்பறிப்பு முடிந்திருந்தது. மறுநாள் மாவட்டப் போட்டி. அன்று சாயங்காலம் நான் மோட்டார் ரூம் வாசலில் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மூத்தார் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் என் மகள் கோட்டைத் தாண்டிப் பாடிப் போனாள். அவர் சட்டைப் பையில் அலாரம் அடித்தது. அதை அமத்தினார். கை சுவிட்சுக்குப் போனது, அங்கேயே நின்றது.

விளக்கு எரிந்தது. எனக்குப் பின்னால் அடுத்த பறிப்புக்கான மொட்டெல்லாம் இருட்டுக்காகக் காத்திருந்தன. வாக்கு வாக்குத்தானே. நான்தான் சொன்னேன். “மாமா, எட்டாயிருச்சு.”

அங்கே நாலு பேர் அவளைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஒருத்தி காலைப் பிடித்தாள். அவள் மண்ணில் விழுந்து, இழுபட்டு, கையை நீட்டிக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தாள். பாட்டு நிற்கவில்லை. இங்கே வரைக்கும் கேட்டது.

அவர் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேச்சை நிறுத்திய பிறகு முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார்.

“பொறு தாயி. பிள்ள பாடிக்கிட்டு இருக்குல்ல.”

நான் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவள் விரல் கோட்டைத் தொட்டது. டீச்சர் விசில் ஊதினார். அதற்குப் பிறகுதான் அவர் விளக்கை அமத்தினார்.