ஆறு உருளைக்கிழங்கும் பாங்குக்கு முந்திய நாற்பது நிமிடமும்

ஐந்து நாற்பதுக்கு அடுப்பு அணைந்தது. சிலிண்டரை அசைத்துப் பார்த்தேன், காலி. பதிவு செய்திருந்த மாற்றுச் சிலிண்டர் இன்னும் வரவில்லை. ஆறு இருபதுக்குப் பள்ளிவாசலில் பாங்கு, நோன்பு திறக்கிற நேரம்.

பொழிச்சலூரில் பர்வீன் அம்மா வீட்டில் பதினோரு வருடமாகச் சமைக்கிறேன். நோன்பு மாதத்தில் அந்த வீட்டுக்கு நாக்கு நான்தான். எல்லோரும் நோன்பு வைத்திருப்பார்கள், உப்புப் பார்க்க என்னை விட்டால் ஆளில்லை. அன்றைக்கு, மகள் ஷமீமாவைப் பெண் கேட்டிருந்த வீட்டார் முதல்முறையாக நோன்பு திறக்க வருகிறார்கள். "எங்க செல்விக்கா கட்லெட்டைச் சாப்பிட்டுப் பாருங்க" என்று பையனின் அம்மாவிடம் பர்வீன் அம்மா போனிலேயே பெருமை அடித்திருந்தார். உள்ளே வைக்கிற கொத்துக்கறிக் கைமாவை மதியமே செய்து இறக்கிவிட்டேன். கிழங்குதான் வேகவில்லை.

"வெறும் கஞ்சியும் பேரீச்சம்பழமும் வெச்சா என்ன நெனப்பாங்க செல்விக்கா?" பர்வீன் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"மைக்ரோவேவ் இருக்குல்லம்மா? கிழங்கை முழுசா வேக வெச்சு, கீறி, கைமாவை உள்ள வெச்சிடலாம்" என்றாள் ஷமீமா.

அந்தப் பெட்டியை நான் மதித்ததே இல்லை. எறும்பு ஏறாது என்று பிரெட் பாக்கெட் வைப்பேன், அவ்வளவுதான்.

ஷமீமா முள்கரண்டியால் கிழங்கைக் குத்த வந்தாள். கையைப் பிடித்துவிட்டேன்.

"குத்தாத பாப்பா. தண்ணி குடிச்சு சொதசொதன்னு ஆயிடும்."

"உள்ள தண்ணியே ஊத்தலையே செல்விம்மா!"

"முப்பது வருஷமா கிழங்கு அவிக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

ஒரு கிழங்கை மட்டும் வைத்துப் பார்த்தோம். நாலாவது நிமிடம் டமால்! திறந்தால், தோல் ஒரு மூலையில், மாவு பெட்டியின் கூரையில்.

பர்வீன் அம்மா ஓடி வந்தார். "இன்னாக்கா, வெடி வெக்கிறீங்க?"

"மாமியாருக்கு வரவேற்பும்மா" என்றாள் ஷமீமா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துடைத்துக்கொண்டே யோசித்தேன். பாத்திரத்தில் வேகும்போது தண்ணீர் உள்ளே போகப் பார்க்கும். இங்கே கிழங்குக்குள் இருக்கிற தண்ணீர்தான் ஆவியாகி வெளியே வரப் பார்க்கிறது. வழி விடாதவள் நான்.

"குடு அந்த முள்ள" என்றேன்.

மீதி ஆறு கிழங்கு. ஒவ்வொன்றையும் ஏழெட்டு இடத்தில் நானே குத்தினேன். மூன்று மூன்றாக, எட்டெட்டு நிமிடம். நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டேன். எடுத்ததும் மூடி வைத்தேன், நடுப்பகுதி அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். கைமாவையும் அதிலேயே சுடவைத்து, கீறிய கிழங்கில் வெண்ணெய், மிளகுத்தூளோடு அடைத்தேன். ஒரு வாய் தின்று உப்புப் பார்த்தேன். சரியாக இருந்தது. தட்டு மேசைக்குப் போகவும் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது.

கஞ்சி குடித்துவிட்டு, பையனின் அம்மா தட்டைப் பார்த்தார். "கட்லெட்டுன்னு சொன்னீங்க?"

பர்வீன் அம்மா என்னைப் பார்த்தார். நானே சொன்னேன், "கேஸ் தீர்ந்துபோச்சுங்க. இருந்ததை வெச்சு செஞ்சேன்."

அவர் எடுத்துச் சாப்பிட்டார். ஒன்றை முடித்து, இன்னொரு பாதியும் கேட்டு வாங்கினார். பிறகு சொன்னார்: "அப்ப நிச்சயம் பண்ண வர்றப்போ கட்லெட்டைப் போட்டுடுங்க."

ஷமீமா அடுப்படிக்குள் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சமையல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கிழங்கைக் குத்தக் கூடாது என்பது பாத்திரத்தோடு சேர்ந்த சட்டம். பெட்டி மாறினால் சட்டத்தையும் மாற்றுங்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அதனால் அந்த மைக்ரோவேவில் நான் அழுத்தவேண்டிய பட்டன் மேல் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். பிரெட் பாக்கெட் இப்போது அலமாரியில் இருக்கிறது.