கீழிருந்து பார்த்த கிபிர்

கிபிர் விமானத்தை நான் மரத்தில் செய்யத் தொடங்கியது பயத்தில்தான். ஆசையில் என்று யாராவது நினைத்தால், அவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை என்று அர்த்தம். அப்போது எனக்கு முப்பது வயது. பெரியகல்லாற்றில் தச்சு வேலை. கதவு, யன்னல், அலுமாரி, சவப்பெட்டி, கேட்டதெல்லாம் செய்து கொடுப்பேன். எங்கள் பக்கம் ஆமியின் கட்டுப்பாட்டில் இருந்தது. வாவிக்கு அக்கரை, ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கத்தின் கையில். அங்கே பழுகாமத்தில் என் அக்காவின் குடும்பம் இருந்தது. கிபிர் கடல் பக்கமிருந்து வந்து, எங்கள் கூரைகளை உரசுவதுபோலத் தாழ்ந்து, வாவியைத் தாண்டிப் போய்க் குண்டு போடும். சத்தம் கேட்டால் என் கையிலிருந்து உளி விழுந்துவிடும். அதற்குப் பிறகு அரை மணித்தியாலத்துக்கு நேராக ஒரு கோடு போட வராது. கை நடுங்குகிற தச்சனிடம் யார் கதவு செய்யக் கொடுப்பார்கள்? எந்தப் பொருளையும் அளந்து, சீவி, கையால் தடவிப் பார்த்துவிட்டால் அதற்குப் பயப்படத் தேவையில்லை என்று எனக்கொரு கிறுக்கு எண்ணம் வந்தது.

ஐந்தடி நீளம். உடம்புக்கு இலவ மரம், வால் பக்கத்துக்கும் காற்று போகிற வாய்களுக்கும் பிஸ்கட் டின் தகரம், மூக்கின் நுனிக்குச் சைக்கிள் கம்பி. பார்த்துச் செய்யப் படம் ஒன்றும் என்னிடம் இல்லை. எல்லோரும் பங்கர்க் குழிக்குள் குனிந்து கிடக்கும்போது நான் மட்டும் வாசலில் மல்லாந்து கிடந்து மேலே பார்ப்பேன். மூன்று நான்கு விநாடிக்குள் போய்விடும். அதனால் ஒரு தடவைக்கு ஒரு சாமான் என்று வைத்துக்கொண்டேன். இன்றைக்கு முக்கோண இறக்கை மட்டும், அடுத்த முறை மூக்குக்குப் பின்னால் இருக்கும் குட்டி இறக்கைகள் மட்டும், அதற்கடுத்த முறை நெருப்பு வருகிற குழாய் மட்டும். போன கையோடு ஓடிவந்து பலகையில் பென்சிலால் கீறிவிடுவேன். அப்படிக் கீறும்போது என் கை நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மற்ற வேலைகளைப்போல இதை மேசையில் வைத்துச் சரி பார்க்க முடியாது. பட்டறையின் வளைமரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, கீழே பாய் விரித்துப் படுத்துப் பார்ப்பேன். கண்ணுக்குப் பிழையாகத் தெரிந்தால் இறக்கித் திருத்துவேன். வயிற்றில் தொங்குகிறதுகளுக்குத்தான் அதிக நாள் எடுத்தது. எல்லாவற்றையும் முதலில் குண்டென்றே நினைத்துச் செய்தேன். பிறகு பார்த்தால், திரும்பி வரும்போதும் இரண்டு தொங்கிக்கொண்டுதான் வந்தன. அப்படியென்றால் அவை எண்ணெய்த் தாங்கிகள். குண்டுகளை ஆணி அடித்து ஒட்டாமல், கழற்றிப் பூட்டக்கூடிய மாதிரிக் கொளுக்கி வைத்துச் செய்தேன். போகும்போது இருப்பது வரும்போது இல்லை, அது சரியாக இருக்கவேண்டும் அல்லவா? இப்போது யோசித்தால் எனக்கே என்னை ஒரு அறை அறையலாம் போலிருக்கிறது.

என் மனைவிக்கு அப்போது ஆறு மாதம். அவளுக்கு அந்தச் சாமானைக் கண்ணிலும் காட்டக்கூடாது. கோயில் கதவுக்கு வாங்கிய சில்வர் பெயின்ற் மிச்சத்தை நான் அதற்குப் பூசிய அன்று சோற்றை முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“இத ஆமி கண்டா உங்கள விடுவானா? நான் இந்த வயித்தோட எந்த முகாம் வாசல்ல போய் நிக்கிற?”

எங்கள் ஊரில் அதைவிடச் சின்ன விஷயத்துக்குக் கொண்டுபோன ஆட்கள் இருந்தார்கள். திரும்பி வராதவர்களும் இருந்தார்கள். எனக்குத் தெரியாததல்ல. இன்னும் ஒரு கிழமையில் முடித்து, பார்த்துவிட்டு, அடுப்பில் வைத்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். முடிந்த பிறகும் அடுப்பில் வைக்கவில்லை. மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆமி சுற்றிவளைத்துத் தேடப்போகிறது என்று ஊர் அறிந்திருந்தால் சாக்கைப் போட்டு மூடியிருப்பேன். ஆனால் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, நான்கு ஆமிக்காரர், சும்மா ரோந்து வந்தவர்கள், பட்டறைக்குள் நுழைந்துவிட்டார்கள். நான் பாயில் படுத்துக் கிடந்தேன். தலைக்கு மேல் குண்டுகளோடு கிபிர். அதைவிட மோசமாக ஒருவன் பிடிபட முடியாது. எழும்பக்கூட விடவில்லை. ஒருவன் துவக்கை நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்க மற்றவன் கயிற்றை வெட்டினான். நானும் அதுவும் ஒரே ட்ரக்டர் பெட்டியில் முகாமுக்குப் போனோம். மனைவி அழவில்லை. செருப்பையும் போடாமல் பின்னால் நடந்து வந்தாள்.

முகாம் அதிகாரிக்குத் தமிழ் ஓரளவு வரும். மேசையில் அதைக் கவிழ்த்துத்தான் வைத்தார்கள், குண்டுகள் தடுத்ததால் நிமிர்த்தி வைக்க முடியவில்லை. அவர் ஒவ்வொரு இடமாக விரலால் தொட்டுக் கேட்டார். இது எண்ணெய்த் தாங்கி என்று யார் சொன்னது, சக்கரம் உள்ளே போகிற கதவின் கோடு எப்படித் தெரியும், குண்டு ஏன் கழறுகிறது, இதை வைத்து இயக்கத்தின் எந்தத் துவக்குக்காரருக்கு எங்கே சுட வேண்டும் என்று படிப்பித்தாய். நான் பார்த்தேன், பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். எனக்கே நம்ப முடியாத பதிலாக அது இருந்தது. நான் நன்றாகச் செய்திருந்த ஒவ்வொன்றும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் அவர் கேள்வியை நிறுத்திவிட்டார். வாசலில் நின்ற வாகனத்தை எடுக்கச் சொன்னார். பெரிய முகாமுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று விளங்கியது. பெரிய முகாமுக்குப் போனால் என் பிள்ளையின் முகத்தை நான் பார்க்கப்போவதில்லை.

அனுப்புவதற்காகக் குண்டுகளைக் கழற்றிவிட்டு விமானத்தை நிமிர்த்தினார்கள். அதிகாரி எழுந்து போகப் பார்த்தவர், நின்றார். முதுகைத் தடவிப் பார்த்தார். மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரே வழுவழுப்பு. இரண்டு கை சீவுளி ஓட்டி, பெயின்ற் பூசி விட்டிருந்தேன்.

“ஓட்டுறவன் எங்க?” என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை.

“பைலட். அவன் இருக்கிற இடம் எங்க? கண்ணாடி எங்க?”

நான் அந்த வழுவழுப்பான மரத்தைப் பார்த்தேன். வாய் தானாகச் சொன்னது.

“சேர், அதுக்குள்ள ஒரு ஆள் இருக்கிறத நான் நினைக்கல்ல.”

விமானத்தை மனிதன்தான் ஓட்டுகிறான் என்று எனக்குத் தெரியாதா? யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் இத்தனை மாதம் அளந்து, கீறி, தொங்கவிட்டுப் பார்த்த எனக்கு ஒரு நாளும் அந்த யோசனை வரவில்லை. இடியை, மின்னலை யாராவது ஓட்டுகிறார்களா? அவர் சத்தமாகச் சிரித்தார். சிங்களத்தில் சொன்னார், நின்றவர்களும் சிரித்தார்கள். படம் பார்த்துச் செய்தவன் பைலட் இருக்கிற இடத்தை விட்டிருக்கமாட்டான், இவன் ஒரு மடையன் என்பதுதான் அதன் சாரம் என்று பக்கத்தில் நின்ற, தமிழ் தெரிந்த ஆமிக்காரன் எனக்குச் சொன்னான். விமானத்தை வைத்துக்கொண்டு என்னைப் போகச் சொன்னார்கள். வெளியே வேலியோரம் உட்கார்ந்திருந்த மனைவி என்னைக் கண்டதும் என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரைக்கும் விடவில்லை.

நான் தப்பியதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், இரண்டு நாள். மூன்றாம் நாள் காலை உண்மையான கிபிர் வந்தது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கிவிட்டாள். நான் முற்றத்தில் நின்றேன். இறக்கையையும் பார்க்கவில்லை, குண்டையும் எண்ணவில்லை. மேலே இருக்கிறவனின் முகத்தைத் தேடினேன். சாப்பிட்டுவிட்டு, சப்பாத்துப் போட்டு, பெல்ட் கட்டிக்கொண்டு வந்திருப்பான். அவன் கைதான் அதை அக்காவின் வீட்டுப் பக்கம் திருப்புகிறது. உடம்பெல்லாம் எரிந்தது. அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை. மனைவி பாதி மேலே ஏறி வந்து என் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தாள். உள்ளே ஒரு ஆள் இருக்கிறான் என்று அவளிடம் கத்தினேன்.

“இருப்பான்,” என்றாள். “கீழ ஆக்கள் இருக்கிறது அவனுக்கு நினைவிருக்கா? இறங்குங்க.”