மடத்துத் தொட்டிக்குள் முருகேசன்

பேய் பிசாசையெல்லாம் நான் நம்பியதே இல்லை. அபுதாபியில், முசஃபா லேபர் கேம்ப்பில் ஏழு பேர் குறட்டைக்கு நடுவில் தூங்குகிறவனை எந்தப் பேய் வந்து என்ன செய்துவிடும்? நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன கோடையில் ஒரு தீவில் வேலி போட அனுப்பினார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் கிறிஸ்தவத் துறவிகள் வாழ்ந்த மடத்தை அகழாய்வுக்காரர்கள் அங்கே மணல்மேட்டிலிருந்து தோண்டி எடுத்திருந்தார்கள். முழங்கால் உயரச் சுவர்கள், ஆளுக்கொரு குட்டி அறை. "தனி ரூமாம்ணே! நாமதான் தப்பான கம்பெனியில சேர்ந்துட்டோம்" என்றான் கூட வேலை செய்யும் முருகேசன்.

வெயில் காலத்தில் மதியம் மூன்று மணி வரை கட்டாய பிரேக். அது முடிந்து அட்டெண்டன்ஸ் ஷீட் வந்தபோது முருகேசனைக் காணோம். எங்காவது தூங்குவான் என்று அவன் கையெழுத்தையும் நானே போட்டேன். அவனைவிட எனக்கு அது அழகாக வரும் என்ற பெருமை வேறு. நாலு மணியாகியும் ஆள் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. பேப்பரில் அவன் வேலைக்கு வந்துவிட்டான், இனி யாரும் தேடப்போவதில்லை. அந்த வெயிலில் எங்காவது விழுந்து கிடந்தால் பிழைக்கமாட்டான்.

நேராக ஃபோர்மேனிடம் போய் ஒப்புக்கொண்டேன்.

"கள்ளக் கையெழுத்தா? நாளைக்கே ஊருக்கு ஏத்திடுவேன்டா!"

"ஏத்துங்க சார். முதல்ல அவனைத் தேடுவோம்."

ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். அப்போது கேட்டது, டக் டக் என்று மரத்தை மரத்தால் அடிக்கிற சத்தம். நாங்கள் போட்டது இரும்பு வேலி, அங்கே ஒரு மரத்துண்டு கிடையாது. நான் நின்றால் சத்தம் வேகமாகும், நடந்தால் நிதானமாகும். பயந்தபடியே, விடுவதில்லை என்று அதன் பின்னாலேயே போனேன். மடத்தின் கடைசியில், தார்ப்பாய் போட்டு மூடிய பழைய தண்ணீர்த் தொட்டி. பாயைத் தூக்கினேன், சத்தம் நின்றது. நிழல் தேடி இறங்கிய முருகேசன் உள்ளே மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தான். தோளில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். பிழைத்துவிட்டான்.

மறுநாள் அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டபோது அகழாய்வு மேடம் சொன்னார்: "அந்தத் துறவிங்ககிட்ட மணி இருந்திருக்காதுப்பா. பலகையைத் தட்டித்தான் எல்லாரையும் கூப்பிடுவாங்க."

சிரித்து வைத்தேன். முருகேசனைப் பார்க்கப் போய், தட்டியது நீதானே என்று கேட்டபோதுதான் அந்தச் சிரிப்பும் போயிற்று.

"நான் எதைத் தட்டினேன்? விரலைக்கூட அசைக்க முடியலண்ணே. நீங்க தலையில தண்ணி ஊத்துனீங்க பாருங்க, அதுலதான் உயிரே வந்துச்சு."

நான் ஊற்றவில்லை. அது காய்ந்துபோன தொட்டி. அவன் உடம்பில் வியர்வையே நின்றுபோயிருந்தது என்று நர்ஸ் சொன்னார். ஆனால் தூக்கியபோது அவன் சட்டை என் தோளில் சொட்டியது. இங்கே கோடையில் குழாயைத் திறந்தாலே கையைச் சுடும். நம்பினால் நம்புங்கள், அந்தத் தண்ணீர் ஜில்லென்று இருந்தது.