மதினியின் சாக்குச் சுவர்

எங்கள் வீட்டில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து தும்மிய அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அறுபதுகளில், திருத்தங்கல்லில் இருந்தோம். ரேடியோ இருந்த முன்னறைச் சுவர் நெடுக மதினி சாக்குகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். விருதுநகரில் அண்ணன் வேலை பார்த்த மண்டியிலிருந்து வந்த மிளகாய் வத்தல் சாக்குகள். உதறினால் போதும் என்று நினைத்துவிட்டாள். ஜன்னல் வழியே காற்று அடித்ததும் அடுப்படி வரை கமறியது. "துவச்சுப் போட்டாச் சரியாப் போகும்" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னாள். கழற்றினாள், துவைத்தாள், காய்ந்ததும் திரும்ப மாட்டினாள்.

மதினி என் அண்ணன் மனைவி. பட்டாசுக் கம்பெனியில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தவள். ஒருநாள் பக்கத்தில் சாம்பிள் வெடி வெடித்துப் பார்த்தார்கள். அவளைத் தள்ளிப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இடது காது அன்றோடு போயிற்று. வலது காதில் பாதிதான் மிச்சம். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அண்ணன் ரேடியோ வாங்கியதே அவளுக்காகத்தான். ஆனால் அந்த அறைக்குச் சிமெண்டுச் சுவர், சிமெண்டுத் தரை, மேலே தகரம். ஒரு சொல் சுவரில் இடித்துத் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழும். எங்களுக்கே அப்படி என்றால், அவளுக்கு எல்லாம் ஒரே இரைச்சல். அம்மா முடிவு கட்டிவிட்டாள். என் கல்யாணச் சீரோடு ரேடியோவும் போய்விட வேண்டும். "காது கேக்காதவளுக்கு அது எதுக்கு?" என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். மதினிக்கு அதைவிட்டால் வேறு பொழுதுபோக்கில்லை என்பதை அம்மா யோசிக்கவே இல்லை.

அந்த ஐப்பசியில் மழைக்குப் பயந்து அண்ணனின் கூட்டாளி தன் பருத்திப் பொதிகளை எங்கள் முன்னறையில் அடுக்கி வைத்தான். அவை இருந்தவரை ரேடியோவில் பேசிய ஒவ்வொரு சொல்லையும் மதினி அப்படியே திருப்பிச் சொன்னாள். பொதிகளை எடுத்ததும் பழையபடி இரைச்சல். "அத்தை, எங் காதுல குத்தமில்ல. சொவருலதான் குத்தம்" என்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மதினி அண்ணனிடம் சாக்குக் கேட்டாள். தரையில் இரண்டு சமுக்காளம், தகரத்துக்குக் கீழே பழைய சேலைகளை ஒன்றாகத் தைத்த விதானம். பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்த அறைக்குள் போனால் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

மல்லாங்கிணற்றிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். "வர்றவுக என்ன நெனைப்பாக? வீடா, கோடவுனா இது? கழட்டிப் போடு" என்றாள் அம்மா.

"நம்ம வீட்டுக்கு வர்றவுக நம்ம சொவரத்தான் பாக்கணும். கழட்ட மாட்டேன்" என்றாள் மதினி.

வந்தவர்கள் சுவரைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மதினி காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் சித்தி குனிந்து தன் அக்காவிடம் முணுமுணுத்தாள்: "அந்தச் செவிட்டுக்கு எதுக்கு ரேடியோ? சீரோட சேத்து வாங்கிரு, அக்கா."

மதினி தட்டைக் கீழே வைத்தாள். "நீங்க சொன்னது எனக்கு நல்லாவே கேட்டுச்சு. ரேடியோ என்னோடது. தர மாட்டேன்."

நான் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் அப்படி நிற்கக் கூடாதாம். நின்றேன். அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று என் வாயாலேயே சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

வாசலைச் சாத்திவிட்டு வந்த அம்மா, வழக்கம்போல மதினியின் காதருகே போய்த் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். எம் மக வாழ்க்கையக் கெடுத்துட்டியே என்றாள். மதினி சமுக்காளத்தில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகினாள்.

"மெதுவாப் பேசுங்க அத்தை," என்றாள். "செய்தி வாசிக்காங்க."